குண்டுப்பெட்டியும் பச்சை பூத்த பேட்டரியும்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எங்கள் முன்னறையில் எங்கே உட்காருவதென்று தெரியாமல் தடுமாறினார்கள். சோபா இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி நின்றது. நான்கு இரும்புக் கால்கள், அதன் மேல் கண்ணாடி போட்டு மூடிய சாய்வான மேசை, தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு. "இதென்னுங்க, ஐஸ் பெட்டியா?" என்று ஒரு அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இன்னொருவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து அதன் கண்ணாடி மேலேயே கையை ஊன்றி நின்றார். எழுந்து போய் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அது பின்பால் மெஷின். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு எஃகுக் குண்டு மேலே ஓடி, அங்கங்கே முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். லாரியின் வீல் பேரிங்கில் இருக்குமே, அந்த மாதிரிக் குண்டு, கொஞ்சம் பெரியது. அது கீழே உள்ள ஓட்டையில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் இருக்கிற பட்டனை அமுக்கி, உள்ளே உள்ள இரண்டு தட்டிகளால் மேலே அடித்து அனுப்ப வேண்டும். முட்டுகிற இடமெல்லாம் மதிப்பெண். எங்கள் வீட்டுக்காரர் அதற்குக் குண்டுப்பெட்டி என்று பெயர் வைத்தார். மகனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிடிக்காது என்பதாலேயே அவர் அதை விடவில்லை.

மகன் எங்களுக்கு ஒற்றைப் பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஏதோ ஒரு விளையாட்டுக் கூடத்தை இழுத்து மூடியபோது இதை வாங்கி, அப்பாவின் லாரி அந்தப் பக்கம் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகையில் ஏற்றி அனுப்பினான். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அவனே வந்துவிட்டான். எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பக்கம் விசைத்தறிக் குடோன், இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை. பகலெல்லாம் மாடி அறையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பான். பொழுது சாய்ந்தால் இறங்கி வந்து பெட்டி முன்னால் நிற்பான். தறிச் சத்தத்துக்கு மேல் இந்தப் பெட்டியின் சத்தம் கேட்கும். புதிதாக அதிக மதிப்பெண் எடுத்தால் உள்ளே ஒரு சுத்தியல் பெட்டியின் மரத்தில் 'டொக்' என்று ஓங்கி அடிக்கும். அடுப்படியில் இருக்கிற எனக்குத் தூக்கிவாரிப்போடும். "கருமம் புடிச்ச பெட்டி" என்று கத்துவேன். அவன் சிரிப்பான்.

அப்படி அடித்தவர்கள் தங்கள் பெயரில் மூன்று எழுத்தைப் பதியலாம். இங்கிலீஷ் எழுத்து. யாரும் விளையாடாமல் பெட்டி சும்மா நிற்கும்போது அந்தப் பெயர்களும் மதிப்பெண்களும் மேலே உள்ள திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொன்றாக வந்து போகும். முதல் இடத்திலும் அவன் பெயர்தான், கடைசி இடத்திலும் அவன் பெயர்தான். வேறு யார் இருக்கிறார்கள் விளையாட?

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் போய்விட்டான். கொசு கடித்து வருகிற அந்தக் காய்ச்சல்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது இறங்குகிறது என்றார்கள், நாங்களும் ஏறட்டும் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டு சேலத்தில் ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

காரியம் முடிந்து ஒறம்பரை வந்த சொந்தக்காரர் எல்லாம் கிளம்பிய பிற்பாடு, நானும் அவரும் முன்னறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். வந்த பிள்ளைகளில் எதுவோ பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. திரையில் அவன் பெயர் வந்தது. அதன் கீழே மதிப்பெண். பிறகு ஏதோ படம். மறுபடியும் அவன் பெயர். அன்று அந்தப் பெட்டியை யாரும் அணைக்கவில்லை. மறுநாளும் அணைக்கவில்லை. பிறகு அணைப்பது என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போனது.

சாமி விளக்குகூட எண்ணெய் தீர்ந்தால் அணைந்துவிடும். இது அணையாமல் எரிந்தது. வீட்டு மருமகளாக வருகிறவளுக்கென்று வாங்கி வைத்த நகை, அவன் சட்டைகள், அவன் தலையணை, எல்லாவற்றிலும் அவன் இருந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்று எழுத்தை அவன் தன் விரலால் அமுக்கி, இது நான்தான் என்று பதிந்து வைத்திருந்தான். எனக்கு அது கையெழுத்தைவிடப் பெரியது. அது அழிந்துவிடக் கூடாது. எங்கள் இருவருக்கும் அதற்கப்புறம் இருந்த ஒரே கவலை அதுதான், மற்றதெல்லாம் சோறு தின்பது போலக் கடமைக்கு.

ஓயாமல் எரிகிற பெட்டி சும்மா இருக்குமா? கோளாறு கொடுக்க ஆரம்பித்தது.

முதலில் மேசையின் வலது பக்கத்து விளக்குகள் வரிசையாக அணைந்தன. எங்கள் வீட்டுக்காரர் பிள்ளைப் பருவத்தில் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பிறகு சொந்த வண்டி வாங்கியவர். வண்டியில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றுகிற ஆள் இல்லை அவர். வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். தலைப்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வயர்கள் போய்ச் சொருகுகிற ஒரு சாக்கெட் சூட்டில் பழுப்பேறி, கருகின வாசம் அடித்தது. நாளெல்லாம் விளக்கு எரிந்த சூடு. பின்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து சொருகினார். விளக்கு வந்தது. அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டார்.

அவரிடம் லாரிக்காரர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் உண்டு. சின்ன பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி. எங்கே குத்தினால் எரிகிறதோ அங்கே கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொண்டு இந்தப் பெட்டியில் கை வைக்கப் போனபோது மகன் ஒருமுறை பாய்ந்து பிடுங்கியிருக்கிறான். "அப்பா, இது வண்டி இல்ல. இதுல குத்துனா போர்டு போயிரும்" என்று சொல்லி ஒரு மல்டிமீட்டரை வாங்கிக் கொடுத்தான். இவர் அதை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். இப்போது எடுத்துத் துடைத்தார். எண்களைப் படித்துச் சொல்வது என் வேலை ஆயிற்று.

அடுத்த கோளாறு வந்தபோதுதான் நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று காட்டினேன். பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், திரை திடீரென்று அணைந்து பெட்டி தானாகவே முதலிலிருந்து தொடங்கும். சிறிது நேரத்தில் மறுபடியும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பெயர் திரும்பி வருகிற வரைக்கும் நான் பெட்டியை விட்டு நகரமாட்டேன். அவர் வயர் வயராக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயர உடுங்க. தறி ஓடுற நேரம் பாருங்க" என்றேன்.

நான் எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பெண். தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வீட்டு டியூப்லைட் மங்கி மங்கி விழிக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள். பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிற நேரத்தில் மீட்டரைச் சுவர் பிளக்கில் சொருகிப் பார்த்தோம். வோல்டேஜ் பாதாளத்தில் கிடந்தது. பிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டினோம். பிரிட்ஜ் கெட்டால் கெடட்டும். பால் திரிந்தால் திரியட்டும், குடிக்க யார் இருக்கிறார்கள்? பெட்டி அதன்பின் நிற்கவில்லை.

இப்படி ஒன்று மாற்றி ஒன்றைச் சரிசெய்ததில் நாங்கள் கொஞ்சம் பேசவும் தொடங்கினோம். அதுவரை, சாப்பிடுங்க, வெச்சிரு, என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. உண்மையைச் சொன்னால், கோளாறு வந்தால் எனக்குப் பயமும் இருந்தது, அன்றைக்குப் பேச ஏதோ இருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது. பிள்ளை செத்த வீட்டில் நிம்மதி என்ற வார்த்தையை எழுதக் கூசுகிறது. ஆனாலும் அதுதான்.

மூன்றாவதாக வந்தது வேறு மாதிரி. யாரும் தொடாமலேயே பெட்டி சத்தம் போட்டது. குண்டு ஒன்றும் ஓடாதபோதே எங்கோ முட்டியது போல 'டிங்' என்றது. தட்டி தானாகத் துடித்தது. திரையில் கோடு கோடாக வந்தது. அவன் வந்து விளையாடுகிறான் என்று பால்காரம்மா சொன்னாள். அவள் வாயில் மண்ணைப் போட என்று திட்டி அனுப்பினேன். பிறகு உள்ளே வந்து, ஒருவேளை இருக்குமோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. மகனோடு கல்லூரியில் படித்த பையன் ஒருவன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறான், சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். இந்தப் பெட்டி வந்த புதிதில் மகனும் அவனும் சேர்ந்துதான் அதைப் பிரித்து மேய்வார்கள். சாவுக்கு வந்தவன் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தால் என்ன பேசுவதென்று அவனுக்கும் தெரிந்திருக்காது. போனில் கூப்பிட்டேன். படம் தெரிகிற மாதிரிப் பேசச் சொல்லி, தலைப்பெட்டியின் உள்ளே காட்டச் சொன்னான். டார்ச்சை அடித்து ஒவ்வொரு போர்டாகக் காட்டினோம்.

"நில்லுங்கம்மா. அந்த எடத்துல காட்டுங்க" என்றான்.

போர்டின் ஒரு மூலையில் டிவி ரிமோட்டில் போடுவது மாதிரிச் சின்ன பேட்டரிகள் மூன்று இருந்தன. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அவற்றின் முனையில் பச்சை பூத்து, கசிந்து, கீழே போர்டு வரைக்கும் வழிந்திருந்தது.

"அதாம்மா கோளாறு. கசிஞ்சு போர்ட அரிச்சிட்டு இருக்குது. ஞாயித்துக்கெழம வந்து நானே மாத்திக் குடுக்கறேன். அதுவரைக்கும் அத யாரும் தொட வேண்டாம்" என்றான்.

ஏன் தொடக்கூடாது என்று அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் எதற்காக இந்தப் பெட்டியை அணைக்காமல் வைத்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. வயசுப் பையனிடம் போய், மூன்று எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை எடப்பாடியில் என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. போக மனமில்லை. அண்ணன் நேரில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டதால் தட்ட முடியவில்லை. துக்க வீட்டுக்காரர் இருவரும் போய் நின்று அவர்கள் வீட்டு விசேஷத்தைக் கெடுப்பானேன் என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பொழுதோட பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். பெட்டி புதுப் பெண் போலப் பளபளவென்று நின்றது. கண்ணாடி துடைத்து, கால் துடைத்து, எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவர் பெட்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லுங்கியில் வாஸ்லின் கறை. தரையில் தின்னர் பாட்டிலும் பழைய பல் பிரஷும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. லாரிக்காரருக்கு பேட்டரி முனையில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. சிலருக்கு வாசலில் குப்பை கிடந்தால் தூக்கம் வராதே, அந்த மாதிரி. அரித்துக்கொண்டே போகிறது என்று வேறு பையன் சொல்லிவிட்டான். ஞாயிறு வருவதற்குள் அது இன்னும் கொஞ்சம் அரித்துவிட்டால்? பெயர் இருக்கிற இடம் வரைக்கும் போய்விட்டால்? அவர் பயந்ததும் அதற்குத்தான். தொடங்கினால் அவர் அரைகுறையாகவும் செய்யமாட்டார். வயரிங்கில் கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி டெர்மினலைக் கழற்று என்பது அவர் தொழிலில் முதல் பாடம். அதைக் கழற்றாமல் ஸ்பேனரை வைத்து, வண்டியே எரிந்துபோனதை ஆந்திரா ரோட்டில் கண்ணால் பார்த்தவர். ஆகவே மெயினை இறக்கியிருக்கிறார். பிளக்கையும் பிடுங்கியிருக்கிறார். பிறகு பூப்போல மூன்று பேட்டரியையும் கழற்றி, பச்சையைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, காயவைத்து, முனைகளுக்கு வாஸ்லின் தடவி, புது பேட்டரி போட்டு மூடியிருக்கிறார். வண்டியாக இருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓடும்.

"டிங் டிங்னு சத்தம் போடறது நின்னு போச்சு பாத்தியா?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். ஏதோ மூன்று எழுத்து வந்தது. அவன் எழுத்து இல்லை. அடுத்த இடத்தில் வேறு மூன்று எழுத்து. அதுவும் இல்லை. எல்லா இடத்திலும் யார் யாரோ. மதிப்பெண்கள்கூட முழு முழு எண்களாக, கடைசியில் பூஜ்யமாக, யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்தது போல இருந்தன. பை இன்னும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பேரு எங்கீங்க?"

"வந்துரும் புள்ள. பேட்டரி புதுசு. இன்னும் சார்ஜ் ஏறல. கொஞ்சம் ஓடுனா வந்துரும்."

"எப்ப இருந்து ஓடுது?"

அவர் மத்தியானத்திலிருந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தொடாமல் கிடந்த சோற்றுத் தட்டைப் பார்த்ததும் தெரிந்தது. முதலில் போட்டதும் திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்ததாகச் சொன்னார். பார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு எழுத்து தெரியும், நம்பர் பிளேட் படித்த பழக்கம். வார்த்தை தெரியாது. நான் கூட்டிப் படித்தேன். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே எல்லாம் திருப்பி வைக்கப்பட்டது என்று அர்த்தம்.

எனக்கு அதற்குப் பிறகு வாய் என்னிடம் இல்லை. "ஒருக்கா சுடுகாட்டுல வெச்சுக் கொள்ளி போட்டீங்க. இப்ப ஊட்டுல வெச்சுப் போட்டுட்டீங்க" என்றேன். தெரு வரைக்கும் கேட்டிருக்கும். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கட்டினவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தைகள். சொல்லச் சொல்ல எனக்கு அது போதவில்லை.

அவர் எழுந்துகூட நிற்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த வாஸ்லினை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "சார்ஜ் ஏறட்டும் புள்ள" என்றார்.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்த ஸ்டூலில்தான். குளிக்க எழுந்தார், திரும்ப வந்து உட்கார்ந்தார். வண்டி லோடு விஷயமாக டிரைவர் கூப்பிட்ட போனை எடுக்கவில்லை. நான் அவர் பக்கம் போகவில்லை, பேசவில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில், துணி எடுக்கப் போகிற சாக்கில், நானும் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அந்த வரியின் அர்த்தமும் தெரியும். இருந்தும் ஒருவேளை சார்ஜ் ஏறியிருக்குமோ என்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். புது பேட்டரிகளும் ஒரு பையில் சாமான்களும் கொண்டு வந்திருந்தான். அவர் நடந்ததைச் சொன்னார், நன்றாகச் செய்துவிட்ட வேலையைச் சொல்வது மாதிரி, ஒவ்வொன்றாக. மெயினை இறக்கினேன் சாமி, பிளக்கைப் பிடுங்கினேன் சாமி. கடைசியில், "பேரு மட்டும் இன்னும் வரல. எத்தன நாள் ஆகும் சாமி சார்ஜ் ஏற?" என்றார்.

பையன் தலைப்பெட்டியைத் திறந்து பார்த்தான். திரும்பி எங்களைப் பார்க்காமல், உள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அந்த பேட்டரி சார்ஜ் ஆவற பேட்டரி இல்லீங்கப்பா. கரண்ட் போனா மதிப்பெண்ணு மறந்துராம இருக்கறதுக்குத்தான் அது. கரண்ட்டும் இல்லாம, பேட்டரியும் இல்லாம போனா எல்லாம் அழிஞ்சிரும். பெட்டி ஓடிட்டு இருக்கறப்பவே மாத்தணும். கரண்ட்ட நிறுத்தாமத்தான் மாத்தணும்."

"கரண்ட்ட நிறுத்தாமயா?" என்றார் அவர். அது அவருக்குப் புரியவே இல்லை. கரண்டை நிறுத்தாமல் வேலை செய்கிறவன் கையில்லாமல் வீட்டுக்குப் போவான் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். "கரண்ட்ட நிறுத்தாமயா சாமி?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காரியத்தன்றுகூட அவர் அப்படி உட்காரவில்லை.

இப்போது பையனுக்குப் புரிந்துவிட்டது, நாங்கள் எதை வைத்துக்கொண்டு இருந்தோம் என்று. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கி நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் குண்டைக் கையில் எடுத்தே ஒவ்வொரு இடமாக முட்ட வைக்கலாம். எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் ஏற்றலாம். மகன் எடுத்ததைத் தாண்டியும் ஏற்றலாம். கடைசியில் பெட்டி பெயர் கேட்கும். அவன் எழுத்தைப் போட்டுவிடலாம். முன்னே இருந்தது மாதிரியே இருக்கும்.

"வேண்டாம்" என்றேன்.

"போடு சாமி" என்றார் அவர் தரையிலிருந்து.

"வேண்டாமுங்க. அது அவன் அடிச்சதில்ல."

"நீ பேசாத" என்றார். எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை நான் அவ்வளவு பேசியும் சொல்லவில்லை.

பையன் என் முகத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றினான். குண்டை விரலால் பிடித்து முட்டவைக்க முட்டவைக்க எண்கள் ஏறின. அதே சத்தங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தச் சத்தம் அடுத்து வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். மகன் விளையாடும்போது நடுவில் ஓர் இடைவெளி வரும், குண்டு மேலே எங்கோ சுற்றுகிற நேரம், அப்போது அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பான். இதில் அந்த இடைவெளி இல்லை. கடகடவென்று ஓடியது, அரிசி மில்லில் எடை போடுவது போல. அவன் எடுத்த மதிப்பெண் எனக்குத் தெரியும். அது வந்தது, தாண்டியும் போனது. பையன் குண்டை ஓட்டையில் விட்டான்.

திரை பெயர் கேட்டது. பக்கத்துப் பட்டனை அமுக்கிப் பிடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக நகரும், வேண்டிய எழுத்து வந்ததும் விட்டுவிட்டு முன்னால் இருக்கிற பட்டனை அமுக்கிப் பதிய வேண்டும். "நீங்க போடுங்கப்பா" என்றான் பையன். அவர் எழுந்து வந்தார். முதல் எழுத்தைப் போட்டார். இரண்டாவது எழுத்தைப் போட்டார். மூன்றாவதில் விரலை எடுக்கப் பிந்தி எழுத்து தாண்டிப் போய்விட்டது. மறுபடி சுற்றி வந்தது, மறுபடி தாண்டியது. நேரம் தீர்ந்தால் பெட்டியே ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டு மூடிக்கொள்ளும் என்று பையன் மெதுவாகச் சொன்னான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போகிற பஸ்ஸை ஓடிப் பிடிக்க முடியாத கிழவர் மாதிரி.

போய் அவர் விரல் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். உள்ளே அந்தச் சுத்தியல் 'டொக்' என்று அடித்தது.

"கேட்டியா?" என்றார். சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டேயிருந்தது.

"கேட்டனுங்க."

இனிமேல் கரண்ட்டை அணைத்தாலும் பெயர் போகாது, பேட்டரி மாற்ற வேண்டியபோது நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையன் போனான். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டான். அவர் காலையில் எழுந்ததும் பெட்டியைப் போடுகிறார். இரவு படுக்கப் போகிறபோது நான் அணைக்கிறேன். அணைத்தால் பெயர் போய்விடுமோ என்று முன்பு இருந்த பயம் இப்போது இல்லை. போவதற்கு அதில் ஒன்றும் இல்லையே. திரையில் மூன்று எழுத்து வந்து போகிறது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டிப் பெருக்குகிறேன்.

போன மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒறம்பரைக்காரர் ஒருவர் வந்தார். காப்பி கொண்டு வந்தபோது இவர் அவரைப் பெட்டி முன்னால் நிற்க வைத்திருந்தார். "பாருங்க, இப்ப வரும். அதா. எம் பையம் பேரு. அவன் போட்டதுங்க அது. இன்னும் ஒருத்தனும் தாண்டல" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, பயமும் இருந்தது. வந்தவரும் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க" என்றேன். "அவன் போட்டதுதான்."